நர்சு அம்மாளுக்கு ஓய்வு வேண்டாமா?

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



இன்று நாம் மூட நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்துத்தான் நீங்கள் வந்திருப்பீர்கள். அதைப் பற்றியேதான் பேசப் போகின்றோம். ஆனால் கோவிலிலும் ஜாதகத்திலும் உள்ள மூட நம்பிக்கையைப் பற்றியல்ல. ஆஸ்பத்திரியில் உள்ள ஒரு மூட நம்பிக்கையைப் பற்றியாகும். அது என்னவென்றால், நர்சு என்பவள் ஒரு தெய்வம், ஆகவே அவளுக்குக் களைப்பு கிடையாது, தூக்கம் வராது, கோபம் வரக்கூடாது என்கின்ற நம்பிக்கையே.

இந்த விஷயத்தை வேறு ஊரில் பேசாமல் இங்கு வந்து பேசுவானேன் என்றால், நர்சினுடைய கையை நம்பி உயிர் வைத்திருக்கின்ற ஊர்களில் இந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சமமாக வேறொன்றைச் சொல்ல முடியாது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசு, பயராபீசு தவிர வேறு கதி இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பலர் அங்கே வேலை செய்தவர்கள்கூட அல்ல. உதவி செய்ய ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி நம் பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்தபோது இருபது பேருக்கு மேல் போனார்கள். அன்று வெந்தவர்களைத் தூக்கிக்கொண்டு சாத்தூருக்கும், சிவகாசிக்கும், கோவில்பட்டிக்கும், மதுரைக்கும் ஓடினவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அங்கே போய்ச் சேர்ந்தவுடன் என்ன நடந்தது என்பதைச் சற்று ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். டாக்டர் வந்து பார்த்தார், மருந்து எழுதினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் போக வேண்டியவர்தான், குற்றம் சொல்லவில்லை. அப்புறம் ராத்திரி முழுவதும் நின்றது யார்?

தீப்பட்டவருக்குச் செய்கின்ற சிகிச்சையைப் பற்றி நம்மில் பலருக்கு ஏதோ களிம்பு தடவிக் கட்டுப் போடுவது என்றுதான் எண்ணம். உண்மை அதுவல்ல. தோல் வெந்து போனால் உடம்பிலுள்ள நீர் வெளியே கசிந்து கொண்டேயிருக்கும். அதைச் சலைன் ஏற்றி ஈடுகட்டாவிட்டால் காயத்தினால் சாகாதவர் நீர் வற்றிச் சாவார். எவ்வளவு ஏற்றுவது என்பதற்குப் பார்க்லாண்ட் கணக்கு என்று ஒன்று உண்டு. ஆளின் எடையை வெந்த பாகத்தின் சதவீதத்தால் பெருக்கி, வந்ததை நாலால் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு உடம்பில் 40 சதவீதம் வெந்திருந்தால், 8,000 மில்லி, அதாவது 8 லிட்டர், முதல் 24 மணி நேரத்தில் ஏற வேண்டும். அதிலும் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏறியாக வேண்டும். அந்த எட்டு மணி நேரமும் தீப்பட்ட நிமிஷத்திலிருந்து எண்ணப்படுமேயொழிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கின நிமிஷத்திலிருந்து அல்ல. காட்டிலிருந்து வண்டி பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாகிவிட்டால் மீதி ஆறு மணி நேரத்தில் நாலு லிட்டரும் ஏற வேண்டும். சரியாக ஏறுகின்றதா என்று பார்ப்பதற்கு மணிக்கு மணி மூத்திரத்தை அளந்து எழுத வேண்டும். வயது வந்தவருக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி வரவேண்டும். குறைந்தால் சிறுநீரகம் கெடும். மட்டுக்கு மிஞ்சி ஏற்றினால் உடம்பு வீங்கும், நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளும். இத்தனையையும் ராத்திரி இரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும், நாலு மணிக்கும் எழுந்து நின்று அளந்து, எழுதி, பாட்டிலின் சொட்டைக் கூட்டியும் குறைத்தும் வைப்பவர் நர்சு. இதற்குப் பெயர் தொண்டா? தோழர்களே, இதற்குப் பெயர் கணக்கு, இதற்குப் பெயர் அறிவு. தூங்காத மூளையால் செய்ய முடியாத காரியம் இது.

நாமும் ஒரு காலத்தில் இதை உணராமலிருந்தவர்தாம். சில வருஷங்களுக்கு முன் நம் கூட்டாளி ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி தங்க நேர்ந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஒன்றுதான். ஒரு கிழவி, “சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு” என்று நாலைந்து தடவை கூப்பிட்டாள். நர்சு வந்து, “ஒரு தடவை சொன்னா போதாதா? எனக்கென்ன நாலு கையா இருக்கு?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டார். நமக்கு வந்ததே கோபம்! எழுந்து போய், சர்க்கார் சம்பளம் வாங்குகின்றவர் ஏழையிடம் இப்படித்தான் பேசுவதா என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. விடிந்த பிறகு வார்டு பெருக்குகின்ற அம்மாள்தான் சொன்னார். மாற்றாள் வராததால் அந்த நர்சு முதல் நாள் பகலிலிருந்தே நிற்கிறாராம். நாற்பது கட்டிலுக்கு அவர் ஒருவர். வீட்டில் பால்குடி மறவாத குழந்தை. நாம் வெட்கப்பட்டோம். அவரிடம் போய்ச் சொல்லலாமென்று தேடினபோது அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்தக் கடனைத்தான் இன்று இந்த மேடையில் தீர்க்கப் பார்க்கின்றோம்.

நிற்க. ஒருவரை ஏமாற்ற வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. ஒன்று தாழ்த்திச் சொல்வது. மற்றொன்று உயர்த்திச் சொல்வது. பெண்ணைத் தெய்வமென்று சொல்லித்தானே இத்தனை நாள் அடுப்படியில் வைத்திருந்தார்கள்? நர்சுக்கும் அதே வித்தைதான். வெள்ளுடை தேவதை, விளக்கேந்திய அம்மை, தியாகச் சுடர் என்றெல்லாம் மே மாதம் 12-ந் தேதி வாய் நிறையச் சொல்வார்கள். 13-ந் தேதி அவர் லீவு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். கொரோனாக் காலத்தில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். 2020 மார்ச் 22-ந் தேதி நாடெங்கும் தட்டைத் தட்டினார்கள். மே 3-ந் தேதி ஹெலிகாப்டரில் பறந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவினார்கள். தட்டுச் சத்தத்துக்குக் கிருமி ஓடும் என்று நம்பினவர்களும் உண்டு, அது ஒரு தனிக் கதை. அந்தக் காலத்தில் நம் மாகாணத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிந்துவிட்டதென்று சொல்லப்பட்டது. புது வருஷத்தில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பூவைத் தூவினவர்கள் ஒருவரும் அன்று அந்தத் தெருப்பக்கம் வரக் காணோம். பூசைக்கு ஆள் உண்டு, படிக்கு ஆள் இல்லை!

இப்போது ஓய்வு என்கின்ற விஷயத்துக்கு வருவோம். நாம் ஞாயிற்றுக்கிழமை லீவைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் ‘சபாட்டிகல்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆறு வருஷம் உழைத்தவருக்கு ஏழாம் வருஷத்தில் சம்பளத்தோடு நீண்ட ஓய்வு கொடுத்து, அவர் இடத்தை அவருக்கே வைத்திருந்து, திரும்ப வந்தவுடன் வேலையைக் கொடுப்பது. இதன் மூலம் யூதர்களுடைய பழைய வேதத்தில் உள்ளது. ஏழாம் வருஷம் நிலத்தை உழாமல் சும்மா விட வேண்டுமென்று கடவுள் சொன்னதாக எழுதி வைத்தார்கள். கடவுள் சொன்னாரோ இல்லையோ, எவனோ ஒரு நல்ல சம்சாரி சொல்லியிருக்கிறான் என்பது மாத்திரம் நிச்சயம். நம் கரிசலில் அது தெரியாதவர் உண்டா? பருத்தி போட்ட புஞ்சையிலேயே வருஷா வருஷம் பருத்தி போட்டால் என்ன ஆகும்? மண் செத்துப் போகும். மாற்றுப் பயிர் போடுகின்றோம், முடியாவிட்டால் தரிசாகப் போடுகின்றோம். மண்ணுக்குக் கொடுக்கின்ற நியாயத்தை மனுஷிக்குக் கொடுக்கக் கூடாதா? மாட்டுக்குக்கூடப் பொங்கலுக்கு மறுநாள் நுகத்தடி கிடையாது. சர்க்கார் பஸ்ஸையும் குறித்த காலத்துக்கு ஒரு முறை ஒர்க்ஷாப்பில் நிறுத்தி எஃப்.சி. காட்டித்தானே ரோட்டுக்கு விடுகிறார்கள்?

இந்த ஓய்வு புதிதுமல்ல, இந்நாட்டில் இல்லாததுமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1880-இலேயே தன் பேராசிரியர்களுக்கு இதைக் கொடுத்தது. நம் தேசத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் இது இருக்கின்றது. உயர்நிலையில் ஏழு வருஷம் வேலை பார்த்த ஆசிரியருக்கு ஒரு வருஷம் வரையில், முழுச் சம்பளத்தோடு, ஆயுளில் இரண்டு வருஷம் வரையில் கொடுக்கலாமென்று எழுதியிருக்கின்றது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தைப் பாருங்கள். கலெக்டருக்கும் ஜட்ஜுக்கும் ‘பர்லோ’ என்று நீண்ட லீவு. கப்பலேறிச் சீமைக்குப் போய் உடம்பைத் தேற்றிக் கொண்டு வருவார்கள். கோடை வந்தால் சென்னை சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். துரைக்கு வெயில் ஆகாது என்பது அன்றைய சட்டம். அந்தப் பர்லோவைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவில் 1862-இல் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு நீண்ட காலச் சேவை லீவு என்று ஏற்படுத்தினார்கள். அங்கே அது உத்தியோகஸ்தரோடு நிற்காமல் நாளடைவில் தொழிலாளிக்கும், நர்சுக்கும் வந்து சேர்ந்தது. பர்லோ பிறந்த நம் தேசத்திலோ, துரை கப்பலேறிப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது!

பேராசிரியருக்கு உண்டு, நர்சுக்கு இல்லை. ஏன்? புத்தகத்தைத் தொடுகின்றவன் மூளையால் உழைக்கிறான், ஆகவே அவன் மூளைக்கு ஓய்வு வேண்டும். மலத்தையும் சீழையும் தொடுகின்றவள் கையால் உழைக்கிறாள், கைக்கென்ன ஓய்வு என்கின்ற எண்ணம். இது யார் கொடுத்த எண்ணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலில் தீட்டுப் பார்த்த நாடு இது. நம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்சுப் படிப்பு ஆரம்பித்தாகிவிட்டது. ஆனால் வெகு காலம் வரையில் ‘மேல் ஜாதி’ வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதாவது, எச்சிலையும் ரத்தத்தையும் அள்ளுவதாவது என்றார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள், ஆதரவற்றவர்கள், விதவைகள். நாதியற்றவர் செய்கின்ற வேலைக்கு என்ன சட்டம், என்ன லீவு என்று அன்று நினைத்ததுதான் இன்றும் ஆபீசுக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (இப்போது ஆண் நர்சுகளும் உண்டு. அவர்களுக்கும் இதே பாடுதான்.)

சரி, இது பரிதாபப் பேச்சு, பகுத்தறிவுக்கு என்ன ஆதாரம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகின்றோம். 2002-இல் லிண்டா அய்க்கன் என்ற அம்மையாரும் மற்றவர்களும் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளில் சாகின்ற வாய்ப்பு 7 சதவீதம் கூடுகின்றது. அந்த நர்சு வேலையில் வெந்து சாம்பிப் போகின்ற வாய்ப்பு 23 சதவீதம் கூடுகின்றது. ராத்திரி வேலை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாயிருக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-இலும், மறுபடி 2019-இலும் சொல்லியிருக்கின்றது. ஆகவே நர்சுக்கு ஓய்வு கொடுப்பது நர்சுக்குச் செய்கின்ற தருமமல்ல. கட்டிலில் கிடப்பவர் சாகாமலிருப்பதற்கு வழி. கட்டிலில் கிடப்பவர் யார்? நாம்தான்!

நம் தேசத்துப் பெரியவர்களுக்கும் இது தெரியாததல்ல. 1946-இல் போர் கமிட்டி கணக்குப் பார்த்தபோது 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்சுதான் இருந்தார். அதே சமயம் இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒருவர். 1987-இல் நர்சுகளின் நிலையை ஆராய நம் தமிழ்நாட்டு சரோஜினி வரதப்பன் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு ஒரு கமிட்டி போட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் வாங்கினால் லீவாகவோ பணமாகவோ ஈடு செய்ய வேண்டும், வார ஓய்வு கட்டாயம் என்று அந்தக் கமிட்டி சொல்லிற்று. இந்திய நர்சிங் கவுன்சில், போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒரு நர்சு, அதற்கும் மேல் லீவில் போகின்றவர்களுக்கு ஈடாக நூற்றுக்கு 30 பேர் என்று விதி செய்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கின்றது. நாம் பார்த்த வார்டில் நாற்பதுக்கு ஒருவர் இருந்தார்.

ஆளுக்கா பஞ்சம்? படித்துச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கின்ற நர்சுப் பெண்கள் நம் மாவட்டத்திலேயே எத்தனை பேர்! ஒரு பக்கம் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது, இன்னொரு பக்கம் உட்கார முடியாமல் நிற்பது. இந்த இரண்டு வியாதிக்கும் பின்லாந்து தேசத்தில் ஒரே மருந்து வைத்திருந்தார்கள். 1996-இல் ஆரம்பித்து 2024 வரையில் நடந்த ஏற்பாடு அது. பல வருஷம் உழைத்தவர் சில மாதம் லீவில் போகலாம். அவருக்கு ஒரு படி கொடுக்கப்படும். ஆனால் அவருடைய இடத்தில் முதலாளி வேலையில்லாத ஒருவரைக் கட்டாயமாக எடுக்க வேண்டும். களைத்தவருக்கு ஓய்வு, காத்திருந்தவருக்குக் கைப்பழக்கம். 2024-இல் செலவைக் குறைக்கிறோமென்று அந்தச் சர்க்கார் அதை எடுத்துவிட்டது. எடுத்ததனால் யோசனை கெட்டதாகிவிடாது. கிணற்றை மூடினால் தண்ணீர் பொய்யாகிவிடுமா?

லீவு கொடுத்தால் நர்சு வெளிநாட்டுக்குப் போய்விடுவாள் என்று ஓர் ஆட்சேபணை சொல்வார்கள். லீவு கொடுக்காமலே போய்க்கொண்டிருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2014 ஜூலையில் 46 இந்திய நர்சுகளை ஈராக் யுத்தத்தின் நடுவிலிருந்து மீட்டுக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். குண்டு விழுகின்ற தேசத்துக்கு ஒரு பெண் ஆசைப்பட்டா போகிறாள்? படிப்புக்கு வாங்கின கடன் துரத்துகின்றது, போகிறாள். மூன்று வருஷமோ நாலு வருஷமோ படித்து, பத்து வருஷம் வார்டில் பழகின ஒருவர் போய்விட்டால் அந்தப் பத்து வருஷத்தை எந்தக் கடையில் வாங்குவது? போவதைத் தடுக்க ஒப்பந்தம் எழுதிச் சான்றிதழைப் பிடித்து வைக்கின்ற தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. அது பண்ணையாள் முறைதானே தவிர வேறென்ன? வருவதற்கு ஓர் இடம் காத்திருக்கிறது என்று தெரிந்தால் களைத்துப் போனவர் ராஜினாமா எழுத மாட்டார், லீவுக் கடிதம் எழுதுவார்.

இரண்டாவது ஆட்சேபணை பணம். கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். ஏழு வருஷத்துக்கு ஆறு மாதம் ஓய்வு என்று வையுங்கள். எழுபது நர்சுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்குப் பத்துப் பேர் முறைக்கு வருவார்கள். ஆறு ஆறு மாதமாகப் பிரித்தால் ஒரு சமயத்தில் லீவில் இருப்பவர் ஐந்து பேர். ஐந்தே ஐந்து பேரைக் கூடுதலாக எடுத்தால் எழுபது பேரும் முறையே மனிதராகத் திரும்பி வருவார்கள். நூற்றுக்கு ஏழு. கவுன்சில் சொன்ன நூற்றுக்கு முப்பதை ஒழுங்காக எடுத்திருந்தால் அதன் மேல் இந்த ஏழு ஒரு பாரமா? அந்த ஆறு மாதத்தில் அவர் என்ன செய்வார் என்று கேட்கக் கூடாது. விருப்பமுள்ளவர் தீக்காய வைத்தியத்தில் மேற்படிப்புப் படிக்கட்டும். நமக்கு அது பெரிய லாபம். விருப்பமில்லாதவர் வீட்டில் படுத்துத் தூங்கட்டும். அதுவும் லாபந்தான். பேராசிரியரிடம் மாத்திரம் ஆராய்ச்சி செய்தீரா என்று எவன் வீடேறிப் பார்க்கிறான்?

ஆனால் தோழர்களே, இதைச் சொல்லும்போதே நமக்கு ஒரு கூச்சம் உண்டாகின்றது. கூழுக்கு உப்பில்லை என்பவளிடம் பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி இருக்கின்றது. 2015-இல் நம் மாகாண சர்க்கார் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்புச் சம்பளம்; இரண்டு வருஷத்தில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. இரண்டு வருஷமும் ஆயிற்று, பேச்சும் காற்றில் போயிற்று. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவ இயக்குநர் ஆபீசு வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். கோர்ட்டு தலையிட்டு வேலைக்குப் போகச் சொல்லிற்று. பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று கூட்டினார்கள். ஒரு பகுதியார் நிரந்தரமுமானார்கள். நிரந்தர உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்கு 2021 முதல் பிரசவ லீவு சம்பளத்தோடு 12 மாதம். அதே வார்டில், அதே ஊசியைப் பிடிக்கின்ற ஒப்பந்த நர்சு சம்பளத்தோடு பிரசவ லீவு பெற உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது! வயிற்றிலிருக்கின்ற பிள்ளைக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்கின்ற ஜாதி எப்படித் தெரியும்?

ஆகையால் முதலில் வேண்டியது நிரந்தரம். அடுத்தபடியாக லீவுக்கு ஈடான ஆட்களை நிரப்புவது. ஏழாம் வருஷத்து ஓய்வு அதற்கு மேற்பட்டது. அது ஆன பிற்பாடு இதைப் பேசலாமே என்றால், நாம் சம்மதிக்க மாட்டோம். மூன்றையும் சேர்த்தே கேட்டால்தான் முதலாவதாவது கைக்கு வரும். நம் சர்க்கார்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

தலைவர் அவர்கள் இப்போது தீர்மானத்தைப் படிப்பார்கள். நம் சுற்றுவட்டத்து ஆஸ்பத்திரிகளில், முக்கியமாகச் சிவகாசி ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் வேலை செய்கின்ற நர்சுகளிலிருந்து இந்த ஓய்வு முறையை ஆரம்பிக்க வேண்டுமென்பது அதன் சாரம். மேஜை மேல் மகஜர் ஒன்றும் வைத்திருக்கின்றது. கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். தாய்மார்கள் முதலில் வரட்டும். வீட்டில் யாரையாவது தீக்காயத்தோடு தூக்கிக்கொண்டு ஓடின குடும்பத்தார், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, அன்று ராத்திரி வார்டில் எத்தனை நர்சு இருந்தார்கள் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.